கரையும் கொழுகொம்பு: சேதமான மென்திசுவுக்குக் கொலாஜன் வைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

உறையைப் பிரித்துக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. வெள்ளையாக, வறண்டு, ஓரத்தை அழுத்திப் பிடித்தால் நொறுங்கிவிடுமோ என்று பயப்பட வைக்கும் ஒரு சதுரத் துண்டு. அதன் மேல் இரண்டு சொட்டு சலைன் விட்டுப் பாருங்கள். சொட்டு விழுந்த இடம் அப்படியே அமுங்கும். வெண்மை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும். கையுறையில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். கொலாஜன் ஸ்பாஞ்சை முதன்முதலில் தொடுகிறவர்களுக்கு வரும் சந்தேகம் ஒன்றுதான்: இந்தப் பஞ்சா போன தோலையும் சதையையும் திரும்பக் கொண்டுவரப் போகிறது?

கொண்டுவராது. கொண்டுவருவது உடம்பு. பஞ்சு வெறும் கொழுகொம்பு. கொடி பற்றி ஏறுவதற்கு ஒரு குச்சி நடுகிறோமே, அதே வேலைதான். கொடி தானாக நிற்கத் தொடங்கும் நேரத்தில் இந்தக் குச்சி கரைந்து போய்விட வேண்டும் என்பது மட்டும் வித்தியாசம். முந்திக் கரைந்தால் கொடி சாயும். கரையாமலே நின்றால் கொடியை நெரிக்கும். கொலாஜன் பொருளைத் தேர்ந்தெடுப்பதும் வைப்பதும் பார்த்துக்கொள்வதும் கடைசியில் இந்த நேரக் கணக்கில்தான் வந்து முடியும்.

அறுவை அரங்கில் நிற்கத் தொடங்கியிருக்கும் இளம் மருத்துவர்கள், டிரெஸ்ஸிங் மாற்றும் செவிலியர்கள், பயோமெடிக்கல் படிப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் படித்தால், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரியும். கையில் இருக்கும் பொருளின் உறையோடு வரும் குறிப்புத்தாளுக்கு இது மாற்று இல்லை. அந்தத் தாளை ஏன் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்பது இதைப் படித்தால் புரியும்.

தொடங்கும் முன்: கொலாஜன் எப்படிக் கரைகிறது?

நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான். இதுவரை 28 வகைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றில் முதன்மையாக இருப்பது முதல் வகை. ஆறிக்கொண்டிருக்கும் புண்ணில் ஆரம்பத்தில் கூடுதலாக வருவது மூன்றாம் வகை. சந்தையில் உள்ள பொருள்களில் பெரும்பாலானவை முதல் வகைக் கொலாஜன்தான்.

ஒரு மூலக்கூறு சுமார் 300 நானோமீட்டர் நீளம், 1.5 நானோமீட்டர் தடிமன். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிய கயிறு. ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும்; இல்லையென்றால் முறுக்கு உட்காராது. இந்த மும்முறுக்கு அமைப்பை 1954-ல் முன்வைத்தவர்கள் மதராஸ் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்களுக்கு நல்ல எக்ஸ்ரே படம் தந்தது கங்காருவின் வால் தசைநாண்.

முறுக்குதான் இதன் பலம். சாதாரணப் புரதச் செரிமான என்சைம்களால் இதை எளிதில் வெட்ட முடியாது. கொலாஜனேஸ் எனப்படும் சில என்சைம்கள் மட்டும் இழையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில், முக்கால் பங்கும் கால் பங்குமாக வரும்படி, ஒரே வெட்டு வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகள் உடல் வெப்பத்திலேயே முறுக்கவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். அதன்பின் ஜெலட்டினேஸ்களுக்கு வேலை சுலபம். மிச்சத்தை மேக்ரோஃபேஜ் எனப்படும் துப்புரவுச் செல்கள் விழுங்கிவிடும். கடைசியில் கிடைக்கும் அமினோ அமிலங்களை உடம்பு தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. பாலிகிளைகாலிக் அமிலம் போன்ற செயற்கைக் கரையும் பொருள்கள் தண்ணீர் பட்டுக் கரைபவை. எல்லோர் உடம்பிலும் தண்ணீர் இருக்கிறது. எனவே அவை கரையும் வேகம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது. கொலாஜனைக் கரைப்பது என்சைம். அழற்சி மிகுந்த, கிருமி ஏறிய, நாள்பட்ட புண்ணில் அந்த என்சைம்கள் கொட்டிக் கிடக்கும். அதனால் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகளில் ஒன்று சுத்தமான அறுவைக் காயத்தில் வாரக்கணக்கில் நிற்கும்; மற்றொன்று நாள்பட்ட கால்புண்ணில் மூன்றே நாளில் காணாமல் போகும். பொருளில் குறை என்று கம்பெனியைத் திட்டுவதற்கு முன் புண்ணைப் பாருங்கள்.

இந்தப் பாடம் புதிதல்ல. ஆட்டுக்குடலிலும் மாட்டுக்குடலிலும் செய்த கேட்கட் தையல் நூலும் கொலாஜன்தான். சாதா கேட்கட் 7 முதல் 10 நாளில் பிடிமானத்தை இழக்கும். அதையே குரோமியம் உப்பில் பதப்படுத்தினால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். இழைகளுக்கு நடுவே கூடுதல் முடிச்சு போட்டால் கரைவது தாமதமாகும் என்ற சூத்திரம் அப்போதே தெரிந்திருந்தது. இன்று அந்த முடிச்சுக்கு கிராஸ்லிங்க் என்று பெயர்.

படி 1: என்ன போயிருக்கிறது என்று எடைபோடுங்கள்

பொருளைத் தேடும் முன் காயத்தைப் பற்றி மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

எந்த அடுக்கு இல்லை? மேல்தோல் மட்டும் உரிந்திருந்தால் கொலாஜன் சாரம் (கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போல, செல்கள் பற்றி ஏறும் தாங்கல்) தேவைப்படாது. அது தானாக மூடிவிடும். உள்தோல் முழு ஆழத்துக்கும் போயிருந்தால்தான் சாரத்துக்கு வேலை. ஏனென்றால் மனித உள்தோல் தானாகப் பழையபடி வளராது. அந்த இடத்தைத் தழும்புதான் நிரப்பும்.

அந்த இடத்தில் எவ்வளவு இழுவை? இதைத்தான் பலர் மறக்கிறார்கள். தைத்த தோல் காயம் ஒரு வாரத்தில் பழைய பலத்தில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் பெறும். மூன்று வாரத்தில் 30 சதவீதம். மூன்று மாதத்தில் 80 சதவீதம். அதோடு சரி, நூறை எட்டாது. வயிற்றுச் சுவரிலோ தோள் தசைநாணிலோ வைக்கும் பொருள் இந்த மூன்று மாதமும் சுமை தாங்க வேண்டும். ஈறிலோ மூளை உறையிலோ வைப்பதற்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மூன்றாவது, சுத்தமா அசுத்தமா? திசுவில் கிராமுக்கு ஒரு லட்சம் பாக்டீரியாவைத் தாண்டினால் தோல் ஒட்டு பிடிக்காது என்பது அறுவை மருத்துவத்தில் பழகிய எல்லைக்கோடு. கொலாஜனுக்கும் அதைவிடச் சலுகை கிடையாது. சில பாக்டீரியாக்கள் சொந்தமாகவே கொலாஜனேஸ் சுரப்பவை.

படி 2: பொருளின் ஜாதகத்தைப் படியுங்கள்

கடையில் நூறு பெயர்கள் இருந்தாலும் குடும்பம் இரண்டுதான்.

ஒன்று, பிரித்தெடுத்து மறுபடி கட்டிய கொலாஜன். மாட்டின் குதிகால் நாணையோ தோலையோ அரைத்து, அமிலத்தில் கரைத்து, சுத்தப்படுத்தி, உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்துவார்கள். உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் ஆவியாகிப் போன இடம்தான் துளைகள். பெப்சின் என்சைம் கொண்டு இழையின் இரு முனைகளிலும் முறுக்கில்லாத வால்களை நறுக்கிவிடுவதும் உண்டு. ஒவ்வாமையைத் தூண்டும் பகுதிகளில் அந்த வால்களும் அடக்கம். ஸ்பாஞ்ச், மெல்லிய சவ்வு, தூள், ஜெல், குழாய் எல்லாம் இந்தக் குடும்பம்.

இன்னொன்று, செல் நீக்கிய திசு. பன்றியின் தோல், பன்றிச் சிறுகுடலின் அடிப்படலம், மாட்டின் இதய உறை, தானமாகக் கிடைத்த மனிதத் தோல், மீன் தோல் இவற்றிலிருந்து செல்களை மட்டும் கழுவி நீக்கிவிட்டு, கொலாஜன் பின்னலை இயற்கை எப்படி நெய்ததோ அப்படியே விட்டுவிடுவார்கள். இது முதல் குடும்பத்தைவிட வலுவானது. தையல் ஊசியைத் தாங்கும்.

அடுத்து கிராஸ்லிங்க். குளூட்டரால்டிஹைடு போன்ற ரசாயனத்தாலோ, வெற்றிடத்தில் சூடாக்கியோ, புற ஊதாக் கதிராலோ இழைகளை ஒன்றோடொன்று பூட்டுகிறார்கள். பூட்டு கூடினால் ஆயுள் கூடும். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை: அதிகம் பூட்டிய துண்டுக்குள் செல் நுழைய முடியாது, ரத்தக்குழாய் வளராது, உடம்பு அதை அந்நியப் பொருளாகக் கருதிச் சுற்றிலும் நார்ச்சுவர் எழுப்பிவிடும். கரையும் பொருள் என்று வாங்கி வைத்து, ஓராண்டு கழித்துத் திறந்து பார்த்தால் தோல் செருப்பு அடி மாதிரி ஒரு தகடு உள்ளே கிடக்கும்.

துளை அளவும் அப்படித்தான். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அயோனிஸ் யானஸும் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் மாட்டுக் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்டையும் சேர்த்து, மேலே சிலிக்கோன் படலம் ஒட்டிச் செய்த செயற்கை உள்தோலைப் பெரிய தீக்காயங்களில் பயன்படுத்திய ஆய்வு 1981-ல் வெளியானது. இன்டெக்ரா என்ற பெயரில் 1996-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. அந்த ஆய்வு வரிசையில் தெரியவந்த ஒன்று: துளைகள் ஏறத்தாழ 20 முதல் 125 மைக்ரான் வரை இருக்கும்போதுதான் காயம் சுருங்குவது நன்றாகத் தடைபடுகிறது. மிகச் சின்னது என்றால் செல் நுழையாது; மிகப் பெரியது என்றால் செல் பற்றிக்கொள்ளப் போதிய பரப்பு இருக்காது.

விற்பனைப் பிரதிநிதி வந்தால் விலங்கு எது, கிராஸ்லிங்க் உண்டா, எந்த முறை, சுத்தமான இடத்தில் எத்தனை வாரம் நிற்கும், எப்படிக் கிருமி நீக்கம் செய்தது என்று இந்த வரிசையில் கேளுங்கள். கடைசிக் கேள்வி சும்மா இல்லை. காமா கதிர் இழைகளை ஓரளவு வெட்டும். எத்திலீன் ஆக்சைடு வாயுவில் அந்தச் சேதம் குறைவு, ஆனால் வாயுவின் மிச்சம் தங்காமல் வெளியேற்றியிருக்க வேண்டும்.

படி 3: இடத்துக்கு ஏற்றதைப் பொருத்துங்கள்

ஆழமான தீக்காயம், விபத்தில் உரிந்த தோல்: இரண்டடுக்குச் சாரம். கீழே கொலாஜன், மேலே ஈரம் காக்கும் சிலிக்கோன். இரண்டு கட்ட வேலை என்பதை நோயாளிக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாள்பட்ட கால்புண்: தூள், ஜெல் அல்லது கரையும் ஸ்பாஞ்ச். இங்கே கொலாஜனின் வேலை பாதி சாரம், பாதி பலியாடு. புண்ணில் மிதமிஞ்சி ஓடும் என்சைம்கள் புதிதாக முளைக்கும் திசுவைத் தின்னாமல் இதைத் தின்று தீர்க்கட்டும் என்று வைக்கிறோம். சீக்கிரம் காணாமல் போவது இங்கே தோல்வி அல்ல.

ஈறும் தாடை எலும்பும்: இங்கே கொலாஜன் வேலி. ஈறின் மேல்தோல் வேகமாக ஓடிவந்து காலி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எலும்புச் செல்கள் மெதுவானவை. இடையில் சவ்வு வைத்தால் வேகமானது வெளியே நிற்கும், மெதுவானது வந்து சேர அவகாசம் கிடைக்கும். சவ்வு வாய்க்குள் திறந்து தெரிய ஆரம்பித்தால் வாய்க் கிருமிகள் அதை மளமளவென்று கரைத்துவிடும்.

மூளை உறையில் ஒட்டுப் போட ஸ்பாஞ்ச் விரிப்பு போதும்; பல சமயம் தையல்கூட வேண்டாம். நரம்பு அறுந்து சிறிய இடைவெளி விழுந்த இடத்தில் கொலாஜன் குழாய் உதவும். இடைவெளி நீளமானால் சொந்த நரம்பை எடுத்து ஒட்டுவதே மேல்.

தசைநாணிலும் ஹெர்னியாவிலும் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆசை அறிவை முந்திய இடங்கள் இவை. தோள்பட்டையின் பெரிய நாண் கிழிசல்களைத் தைத்து, மேலே பன்றிச் சிறுகுடல் படலத்தை ஒட்டுப் போட்ட சோதனை ஒன்று 2006-ல் வெளியானது. படலம் வைத்த 15 பேரில் 4 பேருக்கே நாண் ஆறியிருந்தது. வைக்காத 15 பேரில் 9 பேருக்கு. சீக்கிரம் கரையும், அழற்சியும் தூண்டும் ஒரு பொருளைச் சுமை தாங்கும் இடத்தில் வைத்ததன் பலன். மாட்டு நாண் கொலாஜனில் செய்த மெல்லிய விரிப்புகள் பின்னால் வந்தன. அவை சுமை தாங்குவதாகச் சொல்லிக்கொள்வதே இல்லை. நாணின் மேல் புதுத் திசு அடுக்கு ஒன்றைத் தூண்டிவிட்டு ஆறு மாதத்துக்குள் போய்விடும். வேலையைச் சரியாக வரையறுத்தால்தான் பொருள் ஜெயிக்கும்.

ஹெர்னியாவில் பல ஆண்டுகள் நிலவிய நம்பிக்கை, அசுத்தமான வயிற்றில் செயற்கை மெஷ் (வயிற்றுச் சுவரைத் தாங்கும் வலை) ஆகாது, செல் நீக்கிய திசுவில் செய்த உயிரியல் மெஷ்தான் பாதுகாப்பு என்பது. 2022-ல் வெளியான 253 நோயாளிகளின் சோதனையில் இரண்டு ஆண்டில் ஹெர்னியா திரும்பியது உயிரியல் மெஷ் வைத்தவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கு. செயற்கை மெஷ் வைத்தவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்கு. விலையோ உயிரியல் மெஷுக்குத்தான் அதிகம். என் கருத்தைக் கேட்டால், நிரந்தரச் சுமை உள்ள இடத்தில் கரையும் பொருளை வைக்கத் தனியாக ஒரு வலுவான காரணம் வேண்டும். "இயற்கையானது" என்பது காரணம் ஆகாது.

படி 4: நோயாளியோடு உட்கார்ந்து பேசுங்கள்

எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாடா, பன்றியா, மீனா, மனிதத் தானமா என்பது சிலருக்குச் சமயம் சார்ந்தது, சிலருக்கு மனம் சார்ந்தது. அறுவைக்குப் பிறகு தெரியவந்தால் அந்த நம்பிக்கையைத் தைத்துச் சரிசெய்ய நூல் கிடையாது.

ஒவ்வாமை கேளுங்கள். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாட்டுக் கொலாஜன் ஊசி மருந்துக்கு முன்கையில் சோதனை ஊசி போட்டு நான்கு வாரம் காத்திருப்பது வழக்கமாக இருந்தது. ஏறத்தாழ நூற்றில் மூன்று பேருக்கு ஒவ்வாமை தெரிந்ததே காரணம். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்துத் தடிப்பு வந்த அனுபவம் உண்டா என்றும் கேட்க வேண்டும். பாலூட்டிகளின் திசுவில் உள்ள ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கு எதிரான ஒவ்வாமை அப்படித்தான் தாமதமாகக் காட்டும்.

பிறகு உடம்பின் கையிருப்பு: ரத்தச் சர்க்கரை, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்து, புரதச் சத்து. கால்புண் என்றால் பாதத்துக்கு ரத்தம் வருகிறதா என்று நாடியைத் தொட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுங்கள். ரத்தம் வராத காலில் எவ்வளவு உயர்ந்த சாரம் வைத்தாலும் அது பாலைவனத்தில் நட்ட கொழுகொம்பு.

படி 5: படுகையை (காயத்தின் அடிப்பரப்பை) தயார் செய்யுங்கள்

இந்த ஒரு படிக்கு மட்டும் மற்ற எல்லாப் படிகளுக்கும் சேர்த்துச் செலவிடும் நேரத்தைக் கொடுங்கள் என்பேன்.

செத்த திசு எல்லாம் போக வேண்டும். கறுத்தது, சாம்பல் நிறமானது, வழவழவென்று மஞ்சளாக ஒட்டியிருப்பது, ஊசிமுனை பட்டால் ரத்தம் வராதது எதுவும் மிஞ்சக் கூடாது. ஓரங்கள் உள்ளே மடிந்து தடித்திருந்தால் அவற்றையும் சீவ வேண்டும். எங்கே நிறுத்துவது? சின்னச் சின்னப் புள்ளிகளாக ரத்தம் துளிர்க்கும் இடத்தில்.

அடுத்தது அதற்கு நேரெதிரான வேலை: அந்த ரத்தத்தை நிறுத்துவது. கொலாஜன் தட்டணுக்களைத் தூண்டும் என்பதால் சிறு கசிவைத் தானே அடக்கிவிடும். அந்த நம்பிக்கையில் துடிக்கும் குழாய்களை விட்டுவிடாதீர்கள். சாரத்துக்கு அடியில் ஒரு சிறு ரத்தக்கட்டி தேங்கினால் போதும், அந்தப் பகுதிக்கும் படுகைக்கும் உறவு முறிந்துவிடும். செல்களுக்கு இடைவெளியைத் தாண்டி நீச்சலடிக்கத் தெரியாது. அரங்கில் நாங்கள் கடைப்பிடிக்கும் எளிய வழி: ஈரத் துணியை வைத்து அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம், யாரும் எட்டிப் பார்க்காமல். பிறகும் கசிகிற இடத்தை மட்டும் நுனியளவு சுடுவது. படுகை முழுக்கக் கரியாகும்படி சுட்டால் நீங்களே செத்த திசுவை உண்டாக்கிவிட்டீர்கள்.

கழுவ சலைன் போதும். கிருமிநாசினி ஊற்றியிருந்தால் அது மிஞ்சாமல் அலச வேண்டும்; ஸ்பாஞ்ச் எதை உறிஞ்சினாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமி அதிகம் என்ற சந்தேகம் வந்தால் அன்று வைக்காதீர்கள். சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள்.

படி 6: உறையைத் திறப்பது

காலாவதித் தேதி, உறையில் கிழிசல் உண்டா, எந்த வெப்பநிலையில் வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். லாட் எண் ஸ்டிக்கரை அப்போதே நோயாளியின் கோப்பில் ஒட்டுங்கள். நாளைக்கு ஒரு லாட்டைத் திரும்பப் பெற்றால் யாருக்கு வைத்தோம் என்று தேடுவதற்கு வேறு வழி கிடையாது.

திறந்த மிச்சத்தை ஆட்டோகிளேவில் போட்டு மறுபடி பயன்படுத்தலாமா என்று ஒரு முறையாவது யாராவது கேட்பார்கள். 121 டிகிரி நீராவியில் கொலாஜன் முறுக்கவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். பார்வைக்குத் துண்டு போலவே இருந்தாலும் உடம்பில் வைத்தால் நிற்காது. மிச்சத்தை எறிந்துவிடுங்கள்.

நனைக்க அறை வெப்பநிலை சலைன். சூடான சலைன் வேண்டாம், காரணம் அதேதான். எவ்வளவு நேரம் என்பது பொருளுக்குப் பொருள் மாறும்: சில சவ்வுகளை உலர்ந்தபடியே வைத்து ரத்தத்தில் நனைய விடுவார்கள், சில தடித்த செல் நீக்கிய தோல்கள் ஊறப் பல நிமிடம் பிடிக்கும். இங்கே குறிப்புத்தாள் சொல்வதே சட்டம். ஸ்பாஞ்சைப் பிழியாதீர்கள், துளைகள் நசுங்கினால் பழையபடி விரியாது.

எந்தப் பக்கம் கீழே? நிதானமாகப் பாருங்கள். இரண்டடுக்குச் சாரத்தில் கொலாஜன் பக்கம் காயத்தில், சிலிக்கோன் பக்கம் வெளியே. அடையாளத்துக்குச் சிலிக்கோனில் நூல் அல்லது கோடு இருக்கும். ஈறுச் சவ்வுகள் சிலவற்றில் சொரசொரப்பான பக்கம் எலும்பை நோக்கியும் வழவழப்பான பக்கம் ஈறை நோக்கியும் இருக்க வேண்டும். நனைந்த பிறகு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் உலர்ந்திருக்கும்போதே மூலையில் சிறிய வெட்டு ஒன்று போட்டு அடையாளம் வைத்துக்கொள்வது என் பழக்கம்.

படி 7: வைத்தல்

தோல் காயத்தில் சாரம் ஓரத்துக்கு ஓரம் சரியாக உட்கார வேண்டும். நல்ல தோலின் மேல் ஏறினால் அடியில் ஈரம் தேங்கி ஓரம் ஊறும். எலும்புக் குறையை மூடும் ஈறுச் சவ்வு அப்படியல்ல: குறையின் விளிம்பைத் தாண்டி நல்ல எலும்பின் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் படிய வேண்டும். காகித உறையின் துண்டைக் காயத்தில் வைத்து அச்செடுத்து அதன்படி வெட்டினால் விலையுயர்ந்த பொருள் வீணாகாது.

வைத்தபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் மெதுவாகத் தடவிக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். பள்ளம் இருந்தால் சாரம் பாலம்போல் மேலே தொங்காமல் அடி வரை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மூட்டின் மேல் என்றால் மூட்டை நீட்டிவைத்து அளவெடுங்கள். மடக்கிவைத்து அளந்தால் நீட்டும்போது துண்டு போதாது.

பிடிப்பாக நிறுத்த ஸ்டேப்பிளோ தையலோ போடலாம். அதற்கு மேல் அசையாமல் இருக்கும்படி கட்டு. புதிதாக நுழையும் ரத்தக்குழாய் முடியைவிட மெல்லியது. சாரம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அறுந்துபோகும். காயத்தை மூடி உறிஞ்சிப் பிடிக்கும் எதிர்மறை அழுத்தக் கருவி கிடைத்தால், வழக்கமான 125 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் சாரத்தைப் படுகையோடு அணைத்துப் பிடிக்கும், அடியில் சேரும் நீரையும் இழுத்துவிடும். பாதப் புண் என்றால் அந்தப் பாதத்தில் எடை விழாமல் செய்வது கட்டின் ஒரு பகுதி. சாரத்தை வைத்துவிட்டு அதே காலில் நடக்க விட்டால் எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

படி 8: பார்த்துக்கொள்வது

சிலிக்கோன் மூடிய சாரத்தில் நிறம் பேசும். முதல் நாள் செக்கச்செவேல் என்று இருக்கும். அது சும்மா உறிஞ்சிய ரத்தம். சில நாளில் இளஞ்சிவப்பாக வெளுக்கும். இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சள் கலந்த வெளிர் நிறம் வரும்; அதுதான் புதிய உள்தோல் உருவாகும் அடையாளம். ஒரு மூலை மட்டும் கறுத்தால் அடியில் ரத்தக்கட்டி. அந்த இடத்தில் சிறு கீறல் போட்டு உருட்டி வெளியேற்றுங்கள். முழுத் துண்டையும் பிய்க்க வேண்டாம். அமுக்கினால் சலசலவென்று நீர் நகர்ந்தால் அதற்கும் இதே வைத்தியம். நாற்றம், காய்ச்சல், ஓரத்தில் பரவும் சிவப்பு இருந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டியதுதான்.

சிலிக்கோன் இல்லாத கொலாஜனில் ஒரு பொறி இருக்கிறது. நான் பயிற்சியில் இருந்த நாள்களில் ஒரு கால்புண் கட்டைப் பிரித்தேன். அடியில் மஞ்சள் நிறத்தில் கொழகொழவென்று ஒரு பூச்சு. சீழ் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, துணியால் அழுத்தித் துடைத்து, ஓரம் வரை சுரண்டியே விட்டேன். பக்கத்தில் டிரே பிடித்திருந்த மூத்த சிஸ்டர் கடைசி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "டாக்டர், அது சீழ் இல்ல. மூணு நாளைக்கு முன்னாடி நீங்களே வச்சது" என்றார். சுரண்டிய இடத்தில் பொடிப்பொடியாக ரத்தம் துளிர்த்துக்கொண்டிருந்தது. கொழுகொம்பைப் பற்றி ஏறத் தொடங்கியிருந்த திசு அது.

வித்தியாசம் காண்பது கடினமில்லை. கரைந்த கொலாஜன் சலைன் ஊற்றினாலே நழுவிப் போகும், அடியில் சிவந்த மணல்போன்ற புதுத் திசு தெரியும், கெட்ட வாடை இருக்காது. சீழ் என்றால் வலி கூடும், சுற்றுத்தோல் சுடும், வீங்கும். நழுவாமல் ஒட்டியிருக்கும் ஜெல்லைப் பிடுங்காதீர்கள். அதன் மேலேயே அடுத்ததை வைக்கலாம்.

நாள்பட்ட புண்ணை வாரம் ஒரு முறை அளந்து எழுதுங்கள், முடிந்தால் அளவுகோல் வைத்துப் படமும் எடுங்கள். நீரிழிவுப் பாதப்புண் நான்கு வாரத்தில் பரப்பில் பாதியாவது குறையவில்லை என்றால் இதே பாதையில் போனால் ஆறுவது சந்தேகம். நான்காம் வாரம் ஐந்தாவது துண்டைத் திறப்பதற்குப் பதில் படி 4-க்கும் 5-க்கும் திரும்பிப் போங்கள். ரத்தஓட்டமா, எலும்பில் கிருமியா, காலில் எடையா என்று பாருங்கள். விடை பெரும்பாலும் அந்த மூன்றில் ஒன்றில் இருக்கும்.

படி 9: இரண்டாம் கட்டம்

இரண்டடுக்குச் சாரத்தில் மூன்றாம் வாரம் வாக்கில் சிலிக்கோனை உரிக்க வேண்டும். சரியான நேரம் என்றால் ஸ்டிக்கர் தாள்போல வழுக்கிக்கொண்டு வரும். இழுக்க இழுக்க அடித்திசுவும் சேர்ந்து எழும்பினால் இன்னும் காலம் வரவில்லை. விட்டுவிட்டுச் சில நாள் பொறுங்கள். உரித்த பின் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தடிமனுள்ள மெல்லிய தோலைத் தொடையிலிருந்து எடுத்து ஒட்டலாம். உள்தோல் ஏற்கெனவே தயார் என்பதால் தடித்த ஒட்டு தேவையில்லை. தோல் எடுத்த இடமும் சீக்கிரம் ஆறும், தேவைப்பட்டால் அங்கேயே மறுபடி எடுக்கவும் முடியும். பெரிய தீக்காயத்தில் உயிர்நாடியான வசதி அது.

வீட்டார் கேட்கும் இரண்டு கேள்விகள்

"உள்ள வச்சத எப்ப எடுப்பீங்க?" சிலிக்கோன் மூடி இருந்தால் அதை மட்டும் எடுப்போம். கொலாஜனை எடுக்க வேண்டியதில்லை. அதன் இடத்தில் நோயாளியின் சொந்தக் கொலாஜன் வந்து உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து ஆறியதுபோலத் தெரிந்தாலும் உள்ளே அந்த மாற்றுவேலை ஓராண்டு வரைகூட நடக்கும், அதனால் தழும்பின் நிறமும் தடிப்பும் அதுவரை மாறிக்கொண்டிருக்கும்.

"கொலாஜன் பவுடர் வாங்கிக் குடிச்சா சீக்கிரம் ஆறுமா?" குடிக்கும் கொலாஜன் குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துதான் ரத்தத்தில் சேரும், முழுக் கயிறாகப் போய்ப் புண்ணில் உட்காராது. போதிய புரதமும் வைட்டமின் சி-யும் சாப்பாட்டில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வைட்டமின் சி இல்லாவிட்டால் புதுக் கொலாஜனின் முறுக்கு உறுதிப்படாது. கப்பலில் மாதக்கணக்கில் போன மாலுமிகளுக்கு ஸ்கர்வி வந்தபோது, எப்போதோ ஆறிய பழைய காயங்கள்கூட மறுபடி திறந்துகொண்டது இதனால்தான்.